ஏக்கருக்கு நாற்பது கதவு

சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம் ஆன பிறகுதான் மலாக்கா நகரம் மிகவும் தளர்வாக, நெருக்கமே இல்லாமல் இருக்கிறது என்பது தெரியவந்தது. அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. தெங்கேராவில் கடைவீட்டு மாடிகளில் பலகைத் தடுப்புக்கு ஒரு குடும்பமாக ஒரே கூரையின் கீழ் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. ஒருவருக்கு இருமல் வந்தால் ஒன்பது அடுப்படியிலும் இருமல் கேட்டது. அவர்களுக்கு வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒரு மனைக்கு ஒரு வீடு என்று கட்டிப்போட்டிருந்தது. அதைத் தளர்த்தி ஒரு மனையில் நான்கு, ஐந்து வீடு கட்ட இடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னவர்கள் நல்லவர்கள். அவர்கள் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அறிக்கையை நிறைவேற்ற நகர அடர்த்தி வாரியம் அமைக்கப்பட்டது. அதன் பிறகு அந்த நல்லவர்களை யாரும் பார்க்கவில்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. ஓர் ஏக்கருக்கு நாற்பது குடியிருப்புகள் வேண்டும் என்பது அதன் சாரம். புதிய நாட்டின் சட்டம் நாட்டு மொழியில் இருக்க வேண்டும் என்பதால் அது மலாய்க்கு மாற்றப்பட்டது. மலாய்க்காரர்கள் வரிசை வீட்டைக் கதவால் எண்ணுவார்கள். ஐந்து வீட்டு வரிசை என்றால் ஐந்து 'பிந்து'. வீட்டு வரிக்கே கதவு வரி என்றுதான் பெயர். ஆகவே மலாயில் அது நாற்பது பிந்து ஆனது. மலாய் பேசுகிற யாரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

பிறகு தமிழர்களுக்கும் சட்டம் தெரியட்டும் என்று வாரியம் பெருந்தன்மையோடு நினைத்தது. மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றும் வேலை திரு. பொன்னுதுரைக்கு வந்தது. அவர் யாழ்ப்பாணத்தார். இருபத்திரண்டு ஆண்டு கிராணியாகக் குமாஸ்தா வேலை பார்த்து, அந்த மாதம்தான் துணை அடர்த்தி அதிகாரியாக உயர்ந்தவர். இரண்டு அகராதிகளை வைத்துக்கொண்டு எழுதினார். 'ஓர் ஏக்கருக்கு நாற்பது கதவுகளுக்குக் குறையாது இருத்தல் வேண்டும்.' அகராதிகளில் தப்பு இல்லை. தமிழர் வாழும் சந்துகளில் தமிழ்ப் பிரதியே செல்லும் என்று வாரியம் தீர்மானித்தது. காஜா பெராங்கில் கம்போங் செட்டிக் கிராமத்தை ஒட்டிய ஒரு சந்து முதல் சந்தாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தொடக்க விழா சந்து முனையில் கூடாரம் போட்டு நடந்தது. வாரியத் தலைவர் கிளேபாங் கடற்கரையில் மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே குடியிருப்பவர். அவர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"நெருக்கம்தான் ஒற்றுமை. நெருங்கி வாழ்கிறவன் அடுத்தவனை நேசிக்கிறான். நேசிக்காமல் அவனுக்கு வேறு வழி இல்லை. சிலர் கேட்கிறார்கள், தலைவரின் வீட்டைச் சுற்றி ஏன் இவ்வளவு வெற்றிடம் என்று. நகரம் மூச்சு விட வேண்டாமா? அந்த மூச்சுக்காக என் தோட்டத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்காக நான் தனியாக வாழ்கிறேன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற மருதமுத்துவும் கைதட்டினார். அவர் தஞ்சோங் கிளிங் வழித்தடத்தில் பஸ் கண்டக்டர். சந்தில் நான்காவது வீடு அவருடையது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அவர் அப்பா கடைசிக் காலத்தில் வாங்கிப்போட்ட மனை, ஓர் ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. அதில் பலகை வீடு. வீட்டில் அவரும் மனைவி பூங்காவனமும். குளுவாங்கில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் விஜயாவுக்கு அப்போது நான்காம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று இரண்டு குடும்பமும் பேசி முடித்திருந்தார்கள். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தாள் பூங்காவனம்.

ஏப்ரல் முதல் வாரம் பொன்னுதுரை கணக்கெடுக்க வந்தார். தகர எண் பலகைகளை ஒரு பையில் போட்டு, கூடவே சுத்தியல் பிடித்த ஓர் ஆளையும் அழைத்து வந்தார். வாசலில் ஒன்று என்று ஆணி அடித்தான். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே இரண்டு. பின்னறை மூன்று. சாமி அறை நான்கு. சமையல்கட்டின் கொல்லைக் கதவு ஐந்து. வெளியே தனியாக நின்ற குளியலறையின் தகரக் கதவு ஆறு. கக்கூஸ் ஏழு. பிறகு பொன்னுதுரை கக்கூசின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"இது என்ன?"

"ஐயா, அது வாளி எடுக்கிற கதவுங்க. முனிசிபல் ஆளு காலையில வந்து அது வழியாத்தான் வாளிய இழுப்பான்."

"திறக்குதோ?"

"திறக்கும்."

"மூடுதோ?"

"மூடும்ங்க."

"அப்ப கதவுதானே. எட்டு." நிமிர்ந்து மருதமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தச் சந்திலயே உம்மட மனைதான் முதல். தேவை அஞ்சு. உம்மட்ட எட்டு. வாரியத்துக்கு இது பெரிய உற்சாகம்."

மருதமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அதிகாரி கை குலுக்கியது அவருக்கு அதுவே முதல் தடவை. அன்று மாலை பூங்காவனத்திடம், "நம்ம வீடுதான் முதலாம்" என்றார்.

"எதுல?"

"அது சொல்லல."

மே மாதம் கடிதம் வந்தது. மனை எண் 212-இல் எட்டுக் குடியிருப்புகள் உள்ளன, குடியிருப்போர் இருவர், ஒன்றில் இருவரும் வசிப்பதாகக் கொண்டால் ஏழு குடியிருப்புகள் காலி. வீடில்லாதோர் ஆயிரக்கணக்கில் காத்திருக்கும்போது ஏழு வீடுகளைப் பூட்டி வைத்திருப்பது தேசத்துக்கு எதிரான செயல். காலி வீடுகள் தகுதியுள்ளோருக்கு ஒதுக்கப்படும்.

மருதமுத்து பஸ் உடுப்போடு வாரியத்துக்கு ஓடினார். ஜன்னல் ஓர மேசையில் பொன்னுதுரை இருந்தார். அவர் முன்னால் இரண்டு அகராதிகளும் இருந்தன.

"கிராணி ஐயா, அது எட்டு வீடு இல்லீங்க. ஒரே வீடு. எட்டுக் கதவு."

"இரும் இரும். சட்டத்தில எங்க 'வீடு' எண்டு இருக்கு? காட்டும் பாப்பம். கதவு எண்டுதான் இருக்கு. நானே எழுதினது."

"ஐயா, கக்கூசுல எப்படிங்க ஆள் இருக்கிறது?"

"உம்மட பஸ்ஸிலதான் நான் தினமும் வாறன். நிக்க இடமில்லாத நேரத்தில நீர் என்ன சொல்லுவீர்? 'உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு' எண்டு சொல்லுவீரோ இல்லையோ?"

"சொல்லுவேங்க."

"இடம் இருந்ததோ?"

மருதமுத்து டிக்கெட் பையின் வாரைச் சரிசெய்தார்.

"பாத்தீரே. உம்மட வேலையும் என்ர வேலையும் ஒண்டுதான்."

சாமி அறையையாவது விடச் சொல்லிக் கேட்டார் மருதமுத்து. அங்கே முருகன் படம் இருக்கிறது, விளக்கு எரிகிறது என்றார். பொன்னுதுரையின் முகம் இளகியது. அவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது.

"அப்ப அது காலி இல்லை. ஆர் இருக்கினம்?"

"முருகன்."

"தனியவோ?"

"வள்ளி, தெய்வானையோட."

'நான்காம் எண்: மூவர்' என்று எழுதிக்கொண்டார். "நிரம்பிட்டுது. அதை ஆரும் தொட ஏலாது. மூண்டாம் எண்ணுக்கு ஆள் இருக்கோ?"

"என் மகளுங்க. ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு வருது. பிரசவத்துக்கு."

"எப்ப?"

"ஜூலைக் கடைசில."

"வந்தாப் பிறகு சொல்லும். வராத ஆளைப் பதிய ஏலாது. ஜூலை பதினைஞ்சில ஏழு பேருள்ள குடும்பம் ஒண்டு அந்த அறைக்கு வரும். வயித்தில இருக்கிறது பிறக்கட்டும், அதையும் பதிவம்."

ஜூன் முதல் தேதி ஆறாம் எண்ணுக்குக் குடி வந்தது. ஜாலான் துக்காங் எமாஸில் ஒரு துணிக்கடைக்கு மூட்டை தூக்கும் அலி அக்பர், அவர் மனைவி மரியம், மூன்று பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி. ஒதுக்கீட்டுக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலி அக்பர் குளியலறையின் முன்னால் நின்றார். தகரக் கதவைத் திறந்து பார்த்தார். மூடினார். எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டார். மறுபடியும் திறந்தார்.

"அண்ணே, இதுதான் ஆறா?"

"இதுதான் பாய்."

"ஒம்பது வருஷம் காத்திருந்தேண்ணே." தொட்டித் தண்ணீரில் கை விட்டுப் பார்த்தார். "தண்ணி வசதி இருக்கு."

மரியம் சிரித்தாள். பிறகு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பூங்காவனம் போய் அவளை உள்ளே அழைத்து வந்து கூடத்தில் பாய் விரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் கூடத்தில் படுத்தார்கள். காலையில் அதிகாரிகள் வரும் நேரத்தில் ஐந்து பேரும் குளியலறைக்குப் போய் நிற்பார்கள். பொன்னுதுரை கதவைத் தட்டுவார். அலி அக்பர் திறந்து, "வாங்க, உள்ள வாங்க" என்பார். அவர் உள்ளே வர இடம் இருக்காது. பொன்னுதுரை வெளியில் நின்றே தலை எண்ணுவார்.

எட்டாம் எண்ணுக்கு ஒரு தனி ஆள் ஒதுக்கப்பட்டிருந்தார். அவர் வந்து வாளிக் கதவைக் குனிந்து பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். அவர் பெயர் மட்டும் பதிவேட்டில் குடியேறியது.

இதற்கிடையில் சந்தில் வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. முதல் வீட்டில் ஒரே கதவுதான் இருந்தது. கதவு குறைவு என்று வாரியம் அந்த மனையை எடுத்துக்கொண்டது. மூன்று நாளில் அங்கே வீடு இல்லை. சிவப்பு மை பூசிய முளைக்குச்சிகள் இருந்தன. இரண்டாம் வீட்டுக்காரர்கள் ஒரு காலையில் லாரி வைத்து எங்கோ போனார்கள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏப்ரலில் சந்தில் பதினோரு வீடுகள் இருந்தன, பதிவேட்டில் அறுபத்து மூன்று. ஜூலையில் வீடுகள் ஐந்து. இடித்ததைக் கழிக்காமல், மிஞ்சியவர்கள் பயந்து வைத்த புதுக் கதவுகளையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுபது. தொடக்க விழாவில் நட்ட 'அடர்த்தியை நோக்கி' என்ற பலகை இப்போது வெறும் புல்வெளியைப் பார்த்து நின்றது.

ஜூலை பத்தாம் தேதி மருதமுத்து கொல்லை வேலி ஓரம் நின்றார். வேலிக்கு அந்தப்பக்கம் நடராஜன். செட்டிக்காரர். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி தமிழ், பேசுவது மலாய். அவருடைய வீடு மலாய்ப் பிரதியின் கீழ் வந்ததால், எத்தனை கதவு இருந்தாலும் ஒரு பிந்துதான். இருவரும் மலாயில்தான் பேசுவார்கள்.

"இன்னும் அஞ்சு நாளில் ஏழு பேர் வருகிறார்கள்" என்றார் மருதமுத்து. "என் பிள்ளையைக் கொண்டுவந்து எங்கே படுக்கவைப்பேன்?"

நடராஜன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "பிந்து தடா, ரூமா புன் தடா."

கதவு இல்லை என்றால் வீடும் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். மருதமுத்து சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பின்னறைக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வாரியத்துக்குப் போனார்.

பொன்னுதுரை வந்து பார்த்தார். நிலைக்காலைத் தடவினார். "ஓம். கதவு இல்லை." மூன்றாம் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். ஏழு பேர் வரவில்லை.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மருதமுத்து வயிறாரச் சாப்பிட்டார். மறுநாள் இரண்டு, ஐந்து, ஏழு, எட்டு எல்லாவற்றையும் கழற்றினார். கக்கூசுக்குச் சாக்குத் தொங்கவிட்டார்கள். "வெக்கமா இருக்குங்க" என்றாள் பூங்காவனம். "பழகிடும்" என்றார். ஸ்குரூ முடுக்கியோடு குளியலறைப் பக்கம் போனபோது அலி அக்பர் குறுக்கே வந்து நின்றார்.

"அண்ணே, எங்க வீட்ட மட்டும் கழட்டிடாதீங்க. இது போனா மறுபடியும் ஒம்பது வருஷம்."

மருதமுத்து ஸ்குரூ முடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று கதவுகள் மீதம் இருந்தன: வாசல், முருகன், அலி அக்பர். விஜயா வந்து சேர்ந்த அன்று, அவள் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கடிதமும் வந்தது. மனை 212-க்குத் தேவை ஐந்து கதவு. இருப்பது மூன்று. இரண்டு குறைவு. குறைவான மனைகள் தளர்வு நிலம் எனக் கருதப்பட்டு, சுதந்திர ஆண்டு நிறைவு விழாவுக்கு முன் வாரியத்தால் எடுத்துக்கொள்ளப்படும்.

"மறுபடியும் மாட்டிடலாமா ஐயா?" என்று கேட்டார் மருதமுத்து. அவர் வாரியத்தின் மர பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்திருந்தார்.

"மாட்டலாம். மாட்டினா அது புதுக் கதவு. புதுக் கதவுக்குப் புது ஒதுக்கீடு. ஏழு பேர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கினம்."

"அப்ப என்னதாங்க செய்யிறது?"

"நான் எப்பிடிச் சொல்ல ஏலும்? நான் எண்ணுற ஆள்."

மருதமுத்து தொப்பியைக் கையில் சுற்றினார். "ஐயா, கதவே இல்லாத வீடுன்னா? அதுக்குச் சட்டத்துல என்ன சொல்லியிருக்கு?"

பொன்னுதுரை தமிழ்ப் பிரதியைப் புரட்டினார். மலாய்ப் பிரதியையும் புரட்டினார். நேர்மையான மனிதர், அவசரப்படவில்லை. "கதவே இல்லாத வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை."

"குறைவுன்னு சொல்ல முடியாதா?"

"எதில குறைவு? எண்ண ஒண்டும் இல்லையே."

மருதமுத்து அதை விடுதலையாக எடுத்துக்கொண்டார். சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாத இடத்தில் தன் பிள்ளை நிம்மதியாகப் பெற்றெடுக்கும் என்று நினைத்தார். அன்று மாலையே வாசல் கதவு இறங்கியது. சாமி அறைக் கதவை இறக்க மட்டும் பூங்காவனம் விடவில்லை.

"அவரு ஒழுங்காத்தானே இருக்காரு? மூணு பேரும் பதிஞ்சிருக்காங்க. அவரு வீட்டையும் பிரிக்கணுமா?"

"ஒரு கதவு இருந்தா நாலு குறைவும்பாங்க. அலி அக்பரோடது வெளிய, அது வேற கட்டடம். உள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாது."

கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அதையும் கழற்றினார்கள். வாசலில் ஒரு கைலிச் சாரத்தைத் தொங்கவிட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம் பொன்னுதுரை வந்தார். இந்தத் தடவை நில அளவைக்காரர்கள் இருவர் கூடவே இருந்தார்கள். பொன்னுதுரை சாரத்தை விலக்கி உள்ளே வந்து, கூடம், சமையல்கட்டு, பின்னறை எல்லாம் நடந்தார். கட்டிலில் படுத்திருந்த விஜயாவைத் தாண்டிப் போனார். பதிவேட்டில் எழுதியதை உரக்கப் படித்தார்:

"மனை 212. குடியிருப்பு ஒன்று, எண் ஆறு. ஆட்கள் ஐவர். அதைச் சுற்றிக் காலி நிலம்."

"ஐயா, வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டுத்தானே படிக்கிறீங்க?"

"எந்த வீட்டுக்குள்ள?"

"இதோ, நான் இருக்கேனே. என் சம்சாரம் இருக்கா. புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்திருக்கு."

"நிக்கிறீர். அதை நான் மறுக்கேல்லை. படுத்திருக்கினம், அதையும் பாத்தனான். ஆனா இருக்கேல்லை. இருக்கிறதெண்டா கதவு வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதேயும். குறைவு எண்டு எடுக்கேல்லை. உம்மட்ட ஒரு குறையும் இல்லை."

அளவைக்காரர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். காலி நிலத்தில் தடையில்லாமல் அளப்பதுபோல் நாடாவைக் கூடத்தின் நடுவே இழுத்தார்கள். ஒரு முளைக்குச்சி அடுப்பங்கரை மண்தரையில் இறங்கியது. இன்னொன்று பின்னறையில், கட்டில் காலுக்கு ஒரு சாண் தள்ளி. சுத்தியல் விழுந்த ஒவ்வொரு தடவையும் விஜயா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி பகல் மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, ஒரு மாதம் முன்னதாக. குளுவாங்கிலிருந்து மாப்பிள்ளை வந்து சேர நேரம் இல்லை. மரியம்தான் கூட இருந்து பார்த்தாள். மூன்று பெற்றவள், பதற்றப்படவில்லை. குழந்தை சின்னதாக இருந்தது. ஆனால் சத்தம் தெருமுனை வரை கேட்டது. நடராஜன் வேலிக்கு அப்பாலிருந்து மலாயில் வாழ்த்துச் சொன்னார்.

பிறப்பைப் பதிய வீட்டு எண் வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் இந்த மண்ணில் பிறந்த பிள்ளை இந்த நாட்டுப் பிரஜை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஆனால் இந்த மண்ணில் எந்த இடத்தில் என்று தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது பஸ்ஸில் தினமும் மருதமுத்து காதில் விழுந்தது. வீட்டு எண்ணுக்கான சான்றை வாரியம்தான் தர வேண்டும். மறுநாள் காலை அவரும் அலி அக்பரும் பொன்னுதுரை முன் நின்றார்கள்.

"காலி நிலத்துக்கு எப்பிடி எண் தாறது?" என்றார் பொன்னுதுரை.

அலி அக்பர் முன்னால் வந்தார். "ஐயா, எங்க வீட்டுல பொறந்ததா எழுதிக்கங்க. ஆறாம் நம்பர். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"உம்மட வீட்டில அஞ்சு பேர். அதின்ர அளவுக்கு அஞ்சுதான். ஆறாவது ஆளைப் போட்டா நெரிசல். நெரிசலை ஒழிக்கத்தானே வாரியம் இருக்கு."

மருதமுத்து அழவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் போவதாகத் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது. பொன்னுதுரைக்கு இரக்கம் வந்தது. அது உண்மையான இரக்கம். அலமாரியைத் திறந்து படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் கழித்து மங்கிய மஞ்சள் நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்து ஊதினார்.

"வழி இருக்கு" என்றார். "நாளைக்கு நானே வாறன்."

பதினாறாம் தேதி அவர் வந்தபோது கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் இருந்தது. பூங்காவனத்திடம் கொடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு நிரப்பியதைப் படித்தார்.

"பெயரிடப்படாத பெண். வயது இரண்டு நாள். மனை 212, காலி நிலத்தில் அனுமதியின்றி நுழைந்து தங்கியிருப்பவர். நுழைந்த தேதி: ஆகஸ்ட் 14, 1958. நேரம்: பிற்பகல் மூன்று. நுழைந்த வழி..." அங்கே நிறுத்தினார். "இதுக்கு என்ன எழுதிறதெண்டு இரா முழுக்க யோசிச்சன். 'கதவு வழியாக அல்ல' எண்டு எழுதியிருக்கிறன். சரிதானே? தங்கியிருப்பவர் பதினான்கு நாட்களுக்குள், அதாவது ஆகஸ்ட் முப்பதாம் தேதிக்குள், இடத்தைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் கொண்டாட்டம். அதுக்கு முன்னம் சந்து துப்புரவா இருக்கோணும் எண்டு தலைவர் விரும்பிறார்."

"இருபத்தொன்பதாம் தேதிதாங்க பதினாறாம் நாள்" என்றாள் பூங்காவனம். "அன்னிக்குத்தான் பேரே வெக்கிறோம்."

"பேர் வையுங்கோ. அதுக்கு ஒரு தடையும் இல்லை. மறுநாள்தானே." படிவத்தை மருதமுத்து பக்கம் திருப்பினார். "விளங்குதோ? இது அரசாங்க முத்திரை. இன்ன தேதி, இன்ன நேரம், இந்த நிலத்தில இந்தப் பிள்ளை இருந்ததெண்டு அரசாங்கமே எழுதித் தந்திருக்கு. இதைக் கொண்டுபோய்க் காட்டினா ஒருத்தரும் மறுக்க ஏலாது. பத்திரமா வையும். இந்த நாட்டில பிறந்த பிள்ளை எண்டதுக்கு இதுதான் உங்களுக்கு அத்தாட்சி."

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றார் மருதமுத்து. அவர் மனமாரத்தான் சொன்னார்.

"பெற்றுக்கொண்டதுக்கு ரேகை வேணும்."

மருதமுத்து பெருவிரலை நீட்டினார்.

"உம்மட இல்லை. அறிவிப்பு ஆருக்கோ அவையின்ர."

பூங்காவனம் எழுந்து குழந்தைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நின்றாள். "ஏங்க, வெளிய போன்னு சொல்ற காயிதத்துல பச்சப்புள்ளக் கைய வெக்கணுமா? வேணாம்ங்க. குடுக்காதீங்க."

"வெச்சாத்தான் புள்ள பொறந்ததா ஆகும்."

"பொறக்கலயா? நீங்க பாக்கலயா?"

"நான் பாத்தது கணக்கு இல்ல, பூங்கா. தள்ளு."

விஜயா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். குழந்தை பெருவிரலை உள்ளே மடக்கி இறுக்க மூடியிருந்தது. மருதமுத்து கட்டில் ஓரம் மண்டியிட்டு, டிக்கெட் கிழித்துக் காய்ப்பேறிய விரல்களால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒன்றைப் பிரித்தால் முன்பு பிரித்தது மூடிக்கொண்டது. பொன்னுதுரை மைப் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

முதல் தடவை தாளில் வரி ஒன்றும் விழவில்லை, நீலமாக ஒரு புள்ளிதான் விழுந்தது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அதுவும் புள்ளிதான். இரண்டு புள்ளியையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, அதன் கீழ் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'நேரில் பெற்றுக்கொண்டார். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.'

அவர் எழுதி முடித்து மை உலர ஊதும் வரை குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.